பையனுக்கு இடம், பெற்றோருக்குப் பரீட்சை

சென்னையில் புத்தாண்டு பிறக்கும் முன்பே எல்.கே.ஜி. அட்மிஷன் பேச்சு தொடங்கிவிடுகிறது. அதிலும் ஆண் பிள்ளைகளுக்கென்றே பேர்பெற்ற பழைய தனியார் பள்ளிகள் என்றால் போட்டி இன்னும் கடுமை. அரண்மனைக்காரன் தெருவில் 1839இல் தொடங்கிய புனித மேரி, சாந்தோமில் 1907இல் தொடங்கிய புனித பீட்ஸ், எழும்பூரில் 1958இல் வந்த டான் பாஸ்கோ என இந்த நகரத்துக்கு ஒரு வரிசை உண்டு. கொல்கத்தாவுக்கு 1860இல் தொடங்கிய புனித சேவியர், டெல்லிக்கு 1941இல் தொடங்கிய புனித கொலம்பா. அப்பாவும் தாத்தாவும் படித்த இடம் என்ற பெருமை இப்படிப்பட்ட பெயர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இவற்றில் எந்த ஒரு பள்ளியின் நடைமுறையைப் பற்றியும் இங்கே பேச வரவில்லை. இந்த வகைப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர் பலருக்கும் உள்ள ஒரு நம்பிக்கையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. பையனை நன்றாகத் தயார்செய்தால் இடம் கிடைத்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. மூன்று வயதில் நடக்கும் தேர்வு பெரும்பாலும் பிள்ளையை அளப்பதில்லை, பெற்றோரைத்தான் அளக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், பெற்றோர் செய்ய வேண்டியதும் பள்ளிகளிடம் நாம் கேட்க வேண்டியதும் மாறிவிடும்.

முதலில் இடங்களின் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர் என்று வைத்தால் மொத்தம் 160 இடங்கள். ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவரின் தம்பிகளுக்கு ஒரு பங்கு போகும். ஆசிரியர், ஊழியர் பிள்ளைகளுக்குக் கொஞ்சம். பள்ளியை நடத்தும் சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. கத்தோலிக்கப் பள்ளிகளில் ஞானஸ்நானச் சான்றிதழும் பங்கு குருவின் கடிதமும் கேட்கப்படுவது இதற்காகத்தான். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சில இடங்கள், நிர்வாகத்தின் விருப்பத்துக்கென்று சில இடங்கள். இவை எல்லாம் போக, யாருடைய சிபாரிசும் இல்லாமல் விண்ணப்பம் வாங்கி வந்தவருக்கு மிஞ்சுவது மிகச் சிறிய பங்கு. இந்தப் பட்டியலில் பையனின் திறமை எங்குமே வரவில்லை. அண்ணன் யார், அப்பா எங்கே படித்தார், வீடு எங்கே இருக்கிறது, குடும்பம் எந்தச் சமயம் என்பவைதான் வருகின்றன. பெரும்பாலான இடங்களின் தலைவிதி பையன் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

மிஞ்சிய இடங்களுக்காவது பையனின் திறமை உதவுமா? தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி ஒரே வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கிடையே ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கும். ஜனவரியில் பிள்ளையை அழைத்துப் பேசினால், ஆகஸ்டில் பிறந்தவனுக்கு அப்போது கிட்டத்தட்ட மூன்றரை வயது, அடுத்த ஜூலையில் பிறந்தவனுக்கு இரண்டரை. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. நிறம் சொல்வதிலும் பெயர் சொல்வதிலும் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த வயது வித்தியாசம்தான். அதற்கு மேல் தெரிவது வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்களா, ப்ளேஸ்கூலுக்கு அனுப்ப வசதி இருந்ததா என்பவை. அன்று காலை தூக்கம் கலையாமல் அழுத பிள்ளை மந்தமானவன் என்றும், ஆயத்தப்படுத்தப்பட்டதை ஒப்பித்த பிள்ளை கெட்டிக்காரன் என்றும் பதிவாவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. பெயரை ‘இன்டர்வியூ’விலிருந்து ‘இன்டராக்‌ஷன்’ என்று மாற்றிவிட்டதால் இது மாறிவிடாது.

இதை நம் சட்டமும் அறிந்தே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, நன்கொடை வாங்குவதையும் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுப்பதையும் தடைசெய்கிறது. குலுக்கல் போன்ற முறையைத் தவிர, ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் எந்த வழியும் அச்சட்டத்தின் பார்வையில் வடிகட்டல்தான். வடிகட்டினால் முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஆனால் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி. வாசல் திறந்து மூடுவதோ எல்.கே.ஜி.யில். நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்களைத் தவிர, மழலையர் வகுப்பின் பொது இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டமே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014இல் சொன்னது. பழைய ஆண்கள் பள்ளிகளில் பல சிறுபான்மைப் பள்ளிகள் என்பதால், பெற்றோர் நம்பிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு அவர்களுக்கு அங்கே இல்லாமல் போகிறது.

தன் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு தனியார் பள்ளிக்கு இல்லையா, அதுவும் அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்த நிர்வாக உரிமை இருக்கும்போது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவதில் குறை காண முடியாது. ஆனால் முன்னுரிமை வேறு, ஒளிவுமறைவு வேறு. எந்தக் காரணத்துக்கு எத்தனை இடம் என்று அறிவித்துவிட்டு, மிஞ்சியதைக் குலுக்கலில் விடுவதால் எந்தச் சிறுபான்மை உரிமையும் குறைந்துபோகாது. டெல்லியில் 2007 முதல் நர்சரி சேர்க்கைக்கு மதிப்பெண் முறை வந்தது. 2013இன் இறுதியில் துணைநிலை ஆளுநர் வெளியிட்ட விதிப்படி, அக்கம்பக்கத்தில் வீடு இருந்தால் 70 புள்ளி, அண்ணனோ அக்காவோ படித்தால் 20, பெற்றோர் பழைய மாணவர் என்றால் 5, வெளிமாநில மாற்றலுக்கு 5. நிர்வாக ஒதுக்கீட்டையும் அவ்விதி நீக்கியது. பள்ளிகள் நீதிமன்றம் போய், அடுத்த ஆண்டே அவ்விதி ரத்தானது. ஆனாலும் தன் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று ஒரு பெற்றோர் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட முடியும் என்பதை அந்த ஒரு விதி காட்டிவிட்டது.

குலுக்கல் என்றால் சூதாட்டம், திறமைக்கு அங்கே மரியாதை ஏது என்பது அடுத்த ஆட்சேபம். மூன்று வயதில் நம்பி அளக்கத்தக்க திறமை இல்லாதபோது, அளந்ததாகப் பாவனை செய்வதைவிடக் குலுக்கல் நேர்மையானது. 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பங்கள் மிஞ்சினால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பெற்றோர் முன்னிலையில் குலுக்கித்தான் எடுக்கின்றன. எளியவர் பிள்ளைக்குச் சரியான முறை மற்றவர் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தவறாகும்? பொதுத்தேர்வு முடிவுகளைக் காட்டி, நல்ல பள்ளியின் பலன் கண்கூடு என்றும் சொல்வார்கள். வசதியும் படிப்பும் உள்ள வீடுகளிலிருந்தே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தால் முடிவுகள் நன்றாகத்தான் வரும்; அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற பள்ளிகளில், கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சற்றே தாண்டி உள்ளே போனவர்களையும் சற்றே தவறி வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்பாடு எழுதிய தேர்வுகளில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவை வளர்ந்த பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகள், நம் மழலையர் வகுப்புகள் அல்ல என்பது உண்மை. இருந்தாலும், புகழும் பலனும் ஒன்றல்ல என்ற பாடம் இங்கேயும் செல்லும்.

ஆண் பிள்ளைகள் மட்டும் படித்தால் கவனம் சிதறாது, ஒழுக்கம் வரும் என்ற வாதமும் உண்டு. 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களை உள்ளடக்கிய 184 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஓர் அலசல், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் தனிப்பால் பள்ளிகளின் மேன்மை அநேகமாக மறைந்துவிடுவதைக் காட்டியது. மாறாக, தென்கொரியத் தலைநகர் சியோலில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒதுக்குவதை வைத்துச் செய்த ஆய்வு, தனிப்பால் பள்ளிகளுக்கு ஓரளவு நன்மை இருப்பதாகச் சொன்னது. அதுவும் பதின்வயதினரைப் பற்றியது. எல்.கே.ஜி.யில் இதற்காக முட்டி மோதுவதற்கு இரண்டிலுமே ஆதாரம் இல்லை.

எல்லாரும் ஓடும்போது நான் மட்டும் நின்றால் என் பையன்தானே பின்தங்குவான் என்று ஒரு தகப்பன் கேட்டால், அவரை ஓடாதே என்று சொல்ல முடியாது. எதில் ஓடுவது என்று சொல்லலாம். பையனுக்கு ஒப்பிக்கப் பயிற்சி கொடுப்பதில் பயனில்லை; அந்த நேரத்தில் அவனுக்குக் கதை சொல்லலாம், அவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எந்த அடிப்படையில் எத்தனை இடம் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுக்கும் பள்ளியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்காவது சேர்த்து விண்ணப்பியுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடப் பயணம் என்பதே ஒரு தரம்தான். நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் இன்னொரு மாநிலச் சட்டப்படி பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தனிக் குழுவும் இருக்கிறது. ரசீது தராமல் கேட்கப்படும் பணத்தைக் கொடுக்காதீர்கள். அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: வடிகட்டலுக்கான தடையை ஆறு வயதிலிருந்து, வாசல் உண்மையில் திறக்கும் மூன்று வயதுக்குக் கொண்டுவருவது. அதுவரை, இடம் கிடைக்காத பையன் எதிலும் தோற்றுவிடவில்லை என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வதும், அவன் காதுபட வேறு விதமாகப் பேசாமல் இருப்பதும் அவசியம்.