பூவில் பிறக்காத தேன்

மார்த்தாண்டத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதே இல்லை. கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்புநீர் கசியும். இந்தியத் தேனீக்கள் மொய்ப்பது அதைத்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற தேனின் மூலம் இதுவே!

ஆனால் அந்த நீரை அப்படியே வைத்தால் புளித்துவிடும். அதில் தண்ணீர் மிகுதி.

வேலைக்காரத் தேனீ அதைத் தேன்பையில் சுமந்து வந்து, கூட்டிலிருக்கும் இன்னொரு தேனீயின் வாய்க்கு மாற்றுகிறது. வழியில் கலக்கும் நொதி சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என உடைக்கிறது. மற்றொரு நொதி குளுக்கோஸில் சிறுபகுதியை அமிலமாக்கும். கூடவே கிருமிகளைத் தடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். பிறகு இரவெல்லாம் சிறகு விசிறல். நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதும் அறையை மெழுகால் மூடுகின்றன. மூடாத அடையில் கைவைக்க, தேர்ந்த தேனீ வளர்ப்பவருக்கு மனம் வராது.

இத்தனை பாடும் பஞ்ச காலத்துக்கான சேமிப்பு. அதை நாம் எடுத்துக்கொள்வதால், மழை மாதங்களில் பெட்டிகளுக்குள் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள்.