பாலையில் நிலைத்த கோள்

ஞாயிற்றைச் சுற்றும் கோள்களுள் மிகத் தொலைவிலுள்ளது நெப்தியூன். குளிர் மிகுந்த அப்பெருங்கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 165 ஆண்டுகள் செல்லும். ஆயின், ஞாயிற்றை ஒத்த பிறிதோர் உடுவை நெப்தியூனை ஒத்த கோளொன்று 19 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவருகின்றதென 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

ஊபா என்னும் அவ்வுடு பூமியிலிருந்து ஏறக்குறைய 260 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதன் கோளுக்குக் குவான்கோவா என்பது பெயர். இப்பெயர்கள் கொலம்பியா நாட்டின் உவா என்னும் பழங்குடியினரது மொழியிலிருந்து கொள்ளப்பட்டவை. அக்கோள் திணிவில் பூமியைப்போல் 29 மடங்கும், விட்டத்தில் ஏறக்குறைய 4.7 மடங்கும் உடையது.

இக்கோள் அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது ஏன்? உடுவுக்கு இத்துணை அணித்தாகச் சுற்றுவன பெரும்பாலும் இருவகையின. ஒன்று வியாழனை ஒத்த பெருங்கோள். மற்றையது பூமியை ஒத்த சிறு பாறைக்கோள். இடைப்பட்டவை மிக அரியன. ஆதலின் அவ்வெல்லையை ‘நெப்தியூன் பாலை’ என்பர். பெருங்கோள்கள் தம் ஈர்ப்பு வலியால் வளியைப் பிணித்துவைக்கும். இடைப்பட்டவையோ, உடுவின் எக்சுக்கதிராலும் ஊதாக்கடந்த கதிராலும் வெப்பமுற்று, வளியை இழந்து வெறும் பாறையாய்ச் சுருங்குமெனக் கருதப்படுகின்றது. அங்ஙனமாயின் குவான்கோவா தன் வளியுறையைக் காத்துநிற்பது எங்ஙனம்?

கியொப்சு என்னும் ஐரோப்பிய விண்தொலைகாட்டி இவ்வினாவுக்கு விடைகாண உதவியது. கோள் உடுவின் பின்னே மறையும்பொழுது நமக்கு எட்டும் ஒளி மிகச் சிறிதளவு குறையும். அக்குறைவைக்கொண்டு கோள் தெறிக்கும் ஒளியைக் கணிக்கலாம். 2023இல் வெளிவந்த கணிப்பின்படி, குவான்கோவா தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கைத் தெறிக்கின்றது. பூமி தெறிப்பது 30 பங்கே.

ஒளியைத் தெறிப்பன முகில்கள் எனக் கொள்ளப்படுகின்றது. ஆயின், சதம அளவையில் ஏறக்குறைய 2000 பாகை வெப்பமுள்ள இடத்தில் நீர்முகில் நில்லாது. நீர் கொதிக்கும் அடைத்த அறையில் ஆவி மிகுந்து, காற்று ஏற்கும் அளவைக் கடந்ததும் நுண்துளிகள் தோன்றுதல் கண்கூடு. அதுபோலவே, அக்கோளின் வளியில் உலோக ஆவியும் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கனின் சேர்மங்களும் அளவுகடந்து செறிந்து முகிலாகின்றன என்பர்.

அம்முகில்கள் வெப்பத்தைத் திருப்பியனுப்புகின்றன. உலோகஞ் செறிந்த கனத்த வளி எளிதில் அகலாது. ஊபா வெளிவிடும் எக்சுக்கதிரும் அதன் இனத்து உடுக்களுக்கு இயல்பான அளவினும் மிகக் குறைவென்பது பின்னைய ஆய்வின் முடிபு. வளியைக் கவரும் கதிர் மெலிந்தவிடத்து வளி நிலைத்திருத்தலால், விதிக்கு விலக்காய்த் தோன்றிய இக்கோள் அவ்விதியின் காரணத்துக்கே சான்றாகின்றது.