மீவிரைவுப் பாதையின் வரவும் செலவும்

1964 அக்டோபர் முதல் நாள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே உலகின் முதல் மீவிரைவுத் தொடர்வண்டி புறப்பட்டது. அந்தப் பாதைக்கு முதன்மைக் காரணமான இருவருக்கு விழா அழைப்பு வரவில்லை. ஜப்பானின் அரசு இருப்புப்பாதைத் துறைத் தலைவர் சோகோ ஷிஞ்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் முந்தைய ஆண்டே பதவி விலகியிருந்தனர். ஏறத்தாழ 20,000 கோடி யென் என்று சொல்லித் தொடங்கிய பணி, 38,000 கோடி யென்னை விழுங்கியிருந்தது. முழுத் தொகையைச் சொன்னால் நாடாளுமன்றம் இசையாது என்று அறிந்தே சோகோ குறைத்துக் காட்டினார். 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கியதிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. மொத்தச் செலவில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அயலாரிடம் கையெழுத்திட்ட அரசு, ஆட்சி மாறினாலும் பணியைப் பாதியில் கைவிட முடியாது.

விளைவு நன்றாக அமைந்ததால் வரலாறு சோகோவை மன்னித்துவிட்டது. ஆனால் அந்த நல்விளைவு எதனால் வந்தது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். வேகத்தால் வந்தது என்பது பொதுக் கருத்து. என் கணிப்பில் வேகத்துக்கு இரண்டாம் இடமே உரியது. தோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த பழைய தோக்காய்தோ பாதை 1,067 மில்லிமீட்டர் அகலமே கொண்ட குறும்பாதை. நாட்டின் இருப்புப்பாதை நீளத்தில் 3 விழுக்காடே இருந்த அது, மொத்தப் போக்குவரத்தில் ஏறத்தாழக் கால் பங்கைச் சுமந்து திணறியது. இன்னோர் இணைப்பாதை எப்படியும் தேவைப்பட்டது. அதை 1,435 மில்லிமீட்டர் அகலத்தில், சாலைக் கடவுகள் ஏதுமின்றி, சரக்கு வண்டிகளோடு கலவாமல் அமைத்ததே ஷிமாவின் அறிவுக்கூர்மை. இன்று நெரிசல் வேளையில் அப்பாதையில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 17 வண்டிகள்வரை ஓடுகின்றன. வண்டி ஒன்றுக்கு 1,323 இருக்கைகள். இவ்வளவு பேரை ஒரு மணி நேரத்தில் நகர்த்த எத்தனை வானூர்திகள் வேண்டும், நெடுஞ்சாலை எவ்வளவு அகலம் வேண்டும் என்று எண்ணினால் முதலீட்டின் பொதுப்பயன் விளங்கும். மோதலாலோ தடம் புரண்டோ அப்பாதையில் இன்றுவரை ஒரு பயணியும் இறந்ததில்லை என்பதும் அதே வரவில் சேரும்.

இனி இயற்பியல் சொல்லும் செலவைப் பார்ப்போம். வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். வண்டியின் மேற்பரப்பில் காற்று உராய்ந்தும் சுழன்றும் எழுப்பும் ஒலியாற்றலோ வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் மடிக்கேற்ப வளரும். வளைவில் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசையும் வேகத்தின் இருமடிக்கேற்பப் பெருகுவதால், வளைவுகளை அகலமாக விரிக்க வேண்டும். 1964இல் திறந்த தோக்காய்தோ மீவிரைவுப் பாதையில் 2,500 மீட்டராக இருந்த வளைவு ஆரம், ஒசாகாவிலிருந்து மேற்கே நீண்டு 1975இல் முழுமையடைந்த சான்யோ பாதையில் 4,000 மீட்டராயிற்று. மலையைச் சுற்றிச் செல்ல முடியாத பாதை அதைக் குடைந்துதான் செல்லும். சான்யோ பாதையில் ஏறத்தாழப் பாதி சுரங்கமே.

மறுபுறம், வேகம் கூடக் கூட மிஞ்சும் நேரம் சுருங்குகிறது. 500 கிலோமீட்டர்ப் பயணத்தில் சராசரி வேகம் 100இலிருந்து 200 ஆனால் 150 நிமிடம் மிஞ்சும். 200இலிருந்து 300 ஆனால் 50 நிமிடம். 300இலிருந்து 400 ஆனால் 25 நிமிடமே. தோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு அமைக்கப்படும் காந்த மிதவைப் பாதை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துக்கானது. அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுரங்கம். 5.5 இலட்சம் கோடி யென் என்றிருந்த அதன் மதிப்பீடு 2021இலேயே 7 இலட்சம் கோடியைத் தொட்டது. சோகோவின் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை போலும்!

கடனுக்கும் ஒரு சொல். உலக வங்கிக் கடனை வாங்கியபோது ஒரு டாலருக்கு 360 யென். தீர்த்து முடித்த 1981இல் அது ஏறத்தாழ 220 யென். ஜப்பானின் நாணயம் வலுத்ததால் சுமை தானே இளைத்தது. மும்பை–அகமதாபாத் மீவிரைவுப் பாதைக்கு ஜப்பான் 0.1 விழுக்காட்டு வட்டியில், 50 ஆண்டுத் தவணையில் கடன் தருகிறது. வட்டி மிகக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் கடன் யென்னில்; வருவாய் ரூபாயில். 50 ஆண்டில் இவ்விரு நாணயங்களும் எத்திசையில் நகரும் என்பதை எந்தப் பொருளியலாரும் உறுதி கூற இயலாது.

பணக்கணக்கில் எளிதில் ஏறாத செலவுகளும் உள்ளன. நகோயாவில் பாதையோரம் வாழ்ந்தோர் இரைச்சலுக்கும் அதிர்வுக்கும் எதிராக 1974இல் வழக்குத் தொடுத்தனர். 1986இல்தான் உடன்பாடு வந்தது. வண்டி நிற்கும் நிலையங்களில் நிலமதிப்பு உயர, நில்லாமல் கடக்கும் இடங்களுக்கு ஓசை மட்டுமே பங்காயிற்று.

தோக்கியோவிலிருந்து நாகானோவுக்கு மீவிரைவுப் பாதை திறந்த 1997ஆம் ஆண்டு, இடையிலுள்ள உசுய் கணவாயில் 1893 முதல் இயங்கிவந்த பழைய பாதை மூடப்பட்டது. 1,000 மீட்டருக்கு 66.7 மீட்டர் உயரும் கடும் ஏற்றம் அது. யோகோகாவா நிலையத்தில் துணை எஞ்சின்களைப் பூட்டும்வரை வண்டி காத்து நிற்கும். அந்த இடைவேளையில் மண்கலச் சோறு விற்றுப் புகழ்பெற்றது அவ்வூர். கணவாய்க்கு அப்பாலுள்ள காருயிசாவாவோ தோக்கியோவுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் வந்து, மேலும் செழித்தது. யோகோகாவாவில் பழைய தண்டவாளம் முடிவுற்றது. எஞ்சிய மலைவழிக்குப் பேருந்து விடப்பட்டது. புதுப்பாதை வந்தால் அதற்கு இணையான பழைய பாதையை இருப்புப்பாதை நிறுவனம் கைகழுவலாம் என்பது 1990இல் அரசும் ஆளுங்கட்சியும் செய்துகொண்ட உடன்பாடு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அன்றாடம் சென்றுவருவோரின் வண்டிகள் அவ்வாறு உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தன. நிறுவனம் செலுத்தும் பாதைவாடகை போகக் கட்டுமானச் செலவில் மூன்றிலொரு பங்கும் அவற்றினுடையதே.

இக்கணக்கைக் கூர்ந்து போட்டது தென்மேற்கு ஜப்பானின் சாகா மாவட்டம். நாகசாகியிலிருந்து தாக்கேயோ ஒன்சென்வரை 66 கிலோமீட்டர் நீளமுள்ள மீவிரைவுப் பாதை 2022 செப்டம்பரில் திறந்தது. அங்கிருந்து சாகா வழியே புகுவோக்காவை எட்டினால்தான் அது நாட்டின் பெருவலையில் இணையும். சாகாவிலிருந்து புகுவோக்காவுக்கு இப்போதைய விரைவு வண்டியே ஏறத்தாழ 40 நிமிடத்தில் சென்றுவிடுகிறது. புதுப்பாதையால் மிஞ்சுவது கால் மணி நேரம்தான். அதற்காகப் பெருந்தொகை தருவானேன், இருக்கும் வண்டிகளை இழப்பானேன் என்பது அம்மாவட்டத்தின் வாதம். நாகசாகியார் சினந்தனர், தன்னலம் என்றும் பழி எழுந்தது. எனக்கோ, இவ்வறுபதாண்டு வரலாற்றில் விலையை முன்கூட்டியே கேட்ட அரிய குரலாகவே அது படுகிறது. சாகா இசையும்வரை, நாகசாகியிலிருந்து வருவோர் தாக்கேயோ ஒன்செனில் எதிர் நடைமேடையில் நிற்கும் பழைய விரைவு வண்டிக்கு மாறியே புகுவோக்கா செல்ல வேண்டும்.