உங்களுக்குத் தெரியுமா? ஒரே வாக்கில் ஓய்ந்த பிரம்பு

பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி ஒழிந்தது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான். 1986 ஜூலை 22 அன்று மக்களவையில் தடைக்கு ஆதரவாக 231 பேர், எதிராக 230 பேர். மறு ஆண்டு ஆகஸ்டில் தடை அமலுக்கு வந்தது.

இதற்கு வழி திறந்தவர்கள் ஸ்காட்லாந்தின் இரண்டு தாய்மார்கள். அங்கே பள்ளிகளில் அப்போது பிரம்பு கிடையாது. நுனி பிளந்த கனத்த தோல்வார். நீட்டிய உள்ளங்கையில் விழும். லாக்கெல்லி என்ற சிற்றூர் அந்த வாருக்கே பெயர்போனது. அந்தத் தாய்மார்களில் ஒருவரின் மகனான, அடி வாங்க மறுத்த 15 வயதுச் சிறுவன் பள்ளியைவிட்டு வெளியே நிறுத்தப்பட்டான். இரு தாய்மார்களின் வழக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 1982இல் தாய்மார்கள் வென்றார்கள்: பெற்றோரின் கொள்கையை அரசு மதிக்கவில்லை, சிறுவனின் கல்வி உரிமை பறிக்கப்பட்டது என்றது தீர்ப்பு. ஆனால் அடி விழும் என்ற அச்சத்திலேயே பிள்ளையை வைத்திருந்ததை இழிவான நடத்தை என்று ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதுதான் மனதை உறுத்துகிறது.

தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைகளுக்கு விடுதலை இன்னும் தாமதம்: இங்கிலாந்து, வேல்ஸில் 1999, ஸ்காட்லாந்தில் 2000, வட அயர்லாந்தில் 2003.