ரத்தத்தை ஒதுக்கித் தள்ளும் நுரை

அத்தையின் இடது காலை உயர்த்தி வைத்திருந்தார்கள். டாக்டர் இரண்டு சிரிஞ்சுகளை ஒரு திரீ-வேயின் இரண்டு வாய்களில் பொருத்தினார். குளுக்கோஸ் ஏற்றும்போது பார்ப்போமே, நீலமோ வெள்ளையோ ஒரு திருகு இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் இணைப்பு, அதுதான். ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லி மருந்து, பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருந்தது. மற்றதில் நான்கு மில்லி காற்று. இந்தப் பக்கத்தை அழுத்தினார், அந்தப் பக்கம் நிரம்பியது. அந்தப் பக்கத்தை அழுத்தினார், இந்தப் பக்கம் நிரம்பியது. டவராவுக்கும் டம்ளருக்குமாகக் காபி ஆற்றுவதைப் போல இருபது தடவை. முடிந்தபோது தண்ணீர் மருந்து இல்லை. சிரிஞ்சு நிறைய வெள்ளை வெளேரென்ற, சவரக் களிம்பைப் போன்ற நுரை இருந்தது.

நுரைக்கு ஆயுசு குறைவு. ஓரிரு நிமிடத்தில் காற்று தனி, மருந்து தனி என்று பிரியத் தொடங்கிவிடும். அதனால் ஊசியை முன்பே நாளத்துக்குள் நிறுத்தி வைத்திருந்தார். ஸ்கேன் திரையில் அந்த நாளம் கருப்பாகத் தெரிந்தது. நுரை உள்ளே போகப் போக, கருப்பு வெள்ளையாக மாறிக்கொண்டே தொடையை நோக்கி நகர்ந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டுப் போட்டு, இறுக்கமான காலுறையை மாட்டி, "எழுந்து நடங்கம்மா, கால் மணி நேரம் வராந்தாவுல நடந்துட்டு வாங்க" என்றார்.

"இவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டார் அத்தை. மூன்று வருடமாக ஆறாத புண் அவருடையது.

அந்த மூன்று வருடம் வீணானதற்கு ஒரு காரணம் நம் பேச்சுவழக்கு என்றே நினைக்கிறேன். காலில் முறுக்கிக்கொண்டு புடைத்துத் தெரிவதை நாம் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம், 'நரம்பு முடிச்சு' என்கிறோம். அது நரம்பே இல்லை. நரம்பு உணர்ச்சியைக் கடத்துவது. இது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை. சொல் தவறியதால் அத்தையும் தவறான வாசலில் நின்றார். நரம்புக்கென்று வைட்டமின் மாத்திரை, நரம்புத் தைலம், கடைசியில் புண்ணுக்குக் களிம்பு என்று ஓடியது காலம். சிரையில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை எடுக்கச் சொல்ல ஓர் ஆள் கிடைக்க மூன்று வருடம் ஆனது.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவது எளிய காரியமல்ல. இதயம் தள்ளிய வேகம் சிரைக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் மறுபடி கீழே விழாமலிருக்க, சிரைக்குள் இடைவெளி விட்டு வால்வுகள் இருக்கின்றன. மேலே போகிற ரத்தத்துக்குத் திறந்து, கீழே வருகிற ரத்தத்துக்கு மூடிக்கொள்ளும் மெல்லிய இதழ்கள் அவை. அசையாமல் நின்றால் கணுக்காலில் சிரையின் அழுத்தம் 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும். நல்ல காலாக இருந்தால், நடக்கத் தொடங்கியதும் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் அப்படி இறங்காது. ஏறின ரத்தம் திரும்ப இறங்கி, அடுத்த வால்வையும் விரித்துக் கெடுக்கிறது. மாலையில் கால் கனக்கும், வீங்கும். வருடக்கணக்கில் போனால் கணுக்காலின் உள்பக்கத் தோல் கறுத்து, தடித்து, மரப்பட்டை போலாகும். பிறகு ஒரு கொசுக்கடியோ சிராய்ப்போ போதும், புண்ணாகி ஆறாமல் நிற்கும்.

அரிய நோயும் அல்ல இது. 1999-இல் வெளியான எடின்பரோ ஆய்வு 18 முதல் 64 வயதுவரை 1,566 பேரின் கால்களைப் பரிசோதித்தது. ஆண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் பெண்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கும் முக்கியச் சிரைகளில் சுருட்டல் இருந்தது. பெண்களுக்கே வரும் நோய் என்று நம்மிடம் ஒரு நினைப்பு உண்டு. அந்தக் கணக்கு அதற்கு நேர்மாறாக இருந்தது.

கெட்டுப்போன சிரையை என்ன செய்வது? நூறு வருடத்துக்கும் மேலாக அறுவை மருத்துவர்கள் சொன்ன பதில், கட்டு அல்லது உருவு. ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் 1890-களின் தொடக்கத்தில் தொடையில் சிரையைக் கட்டிவிடும் முறையை எழுதினார். 1907-இல் பிலடெல்பியாவின் பாப்காக், நுனியில் குமிழ் வைத்த வளையும் கம்பியைச் சிரைக்குள் செலுத்தி, சிரையை அதில் கட்டி மொத்தமாக உருவி எடுத்தார். அந்தக் கம்பியின் வாரிசுகள் நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் இன்றும் இருக்கின்றன. வேலை முடியும், ஆனால் மயக்க மருந்து வேண்டும். பிறகு தொடை முழுக்கக் கன்றிப்போகும், வேலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். தினக்கூலிக்காரருக்கு அந்த வாரங்கள்தான் உண்மையான செலவு.

ஊசி போட்டுச் சிரையை மூடிவிடலாம் என்ற எண்ணமும் பழையதுதான். 1853-இல் லியோன் நகரத்து பிராவாஸ் ஊசிக்குழலைச் செய்ததே ரத்தநாளத்துக்குள் மருந்து செலுத்தி ரத்தத்தை உறையவைக்கத்தான். சுருட்டலுக்கும் விரைவில் அதை முயன்று பார்த்தார்கள். ஆனால் பெரிய சிரையில் அது தோற்றுக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. உள்ளே செலுத்திய மருந்து ரத்தத்தோடு கலந்து நீர்த்துப்போகிறது. போதாததற்கு ரத்தத்திலுள்ள புரதங்கள் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன. மருந்து படவேண்டியது சிரையின் உள்சுவரில், அது செலவாவது ரத்தத்தில். அளவைக் கூட்டினால் உடம்பு தாங்காது.

ரத்தத்தை முதலில் விலக்கினால்தான் வழி பிறக்கும். 1944-இல் ஆர்பாக் என்ற மருத்துவர் மருந்துக்கு முன்னால் கொஞ்சம் காற்றைச் செலுத்தி ரத்தத்தை நகர்த்திப் பார்த்தார். சின்ன நாளங்களுக்கு அது உதவியது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று வழியில்லை.

அந்த இடத்தில்தான் ஸ்பெயினின் கிரனாடாவைச் சேர்ந்த ரத்தநாள அறுவை மருத்துவர் ஹுவான் கப்ரேரா வருகிறார். 1990-களில் அவர் கையில் எடுத்த மருந்து பொலிடோகனால். 1930-களில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பிறந்தது அது. அதனால் போடும்போது பெரிதாக வலிக்காது. அதைவிட முக்கியம், அது சோப்பின் இனம். சோப்பு நுரைக்கும். கப்ரேரா அதை மிக நுண்ணிய குமிழ்களாக நுரைக்கவைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே சிரைக்குள் செலுத்தினார்.

இதில் ஒரே கல்லில் பல காய்கள் விழுந்தன. நுரை ரத்தத்தோடு கலப்பதில்லை, அதை முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சிரையை நிரப்புகிறது. மருந்து குமிழ்களின் தோலாகப் பரவியிருப்பதால், துளி மருந்து பெரிய பரப்பில் சுவரைத் தொடுகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகிறது. காற்றுக் குமிழ் அல்ட்ராசவுண்டில் வெள்ளையாக மின்னுவதால் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். சுவர் வெந்தாற்போல் சுருங்கி, சிரை அடைந்து, மாதங்கள் போக நாராகிவிடும். ரத்தம் ஆழத்திலிருக்கும் நல்ல சிரைகள் வழியே போய்க்கொள்ளும். கப்ரேராவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட 500 கால்களின் கணக்கில், மூன்று வருடமும் அதற்கு மேலும் ஆன பிறகு 81 சதவீதக் கால்களில் பெரிய சிரை அடைந்தே இருந்தது.

அவர் காட்டிய இன்னொரு கவனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். குமிழ் எங்கே போய்ச் சேரும் என்று அவர் யோசித்தார். சாதாரணக் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், ரத்தத்தில் எளிதில் கரையாது. சிலருக்கு இதயத்தின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே பிறவியிலேயே ஒரு சிறு திறப்பு மூடாமல் இருக்கும். அதன் வழியே குமிழ் மூளைக்குப் போகலாம். அதனால் சட்டெனக் கரையும் கார்பன் டை ஆக்சைடையே அவர் நாடினார். அவர் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த வேரிதீனா என்ற நுரை மருந்துக்கு 2013-இல் அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் தந்தது. அதில் ஆக்சிஜன் 65, கார்பன் டை ஆக்சைடு 35 என்ற கலவை, நைட்ரஜன் ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆனால் காப்புரிமையும் தனிக்குப்பியும் உள்ள பொருள் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது. சேர்த்தது இத்தாலிய மருத்துவர் லொரென்சோ தெஸ்ஸாரி. இரண்டு சிரிஞ்சு, ஒரு திரீ-வே, ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம், இருபது தடவை ஆற்றல். 2000-இல் அவர் எழுதிய முறை இதுவே. எந்த ஊர் ஆஸ்பத்திரியின் இழுப்பறையிலும் கிடக்கும் பொருள்கள்தான். அத்தையின் காலுக்குள் போனது கிரனாடாவின் யோசனை, இத்தாலியின் கைவேலை.

நுரையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று எழுதினால் அது பொய். தொடையின் பெரிய சிரைக்கு உள்ளிருந்தே சூடு கொடுத்து மூடும் லேசரும் ரேடியோ அலையும் இன்று முன்னால் நிற்கின்றன. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இல் தந்த வழிகாட்டலில் முதலில் வெப்ப முறை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் ஆகாவிட்டால் அறுவை என்று வரிசை வைத்தது. பிரிட்டனில் 798 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்து லேசரும் அறுவையும் செய்துகொண்டவர்களின் நிலை நுரை போட்டுக்கொண்டவர்களைவிட மேலாக இருந்தது. நுரை போட்ட சிரை திரும்பத் திறந்துகொள்வது உண்டு. மறுபடி போட வேண்டிவரும். தோலில் பழுப்புத் தடம் விழலாம். சிலருக்குச் சற்று நேரம் கண் மின்னும், தலை வலிக்கும். மிக அரிதாகப் பக்கவாதமும் பதிவாகியிருக்கிறது. ஒரே அமர்வில் பத்து மில்லிக்கு மேல் நுரை வேண்டாம் என்று ஐரோப்பிய நிபுணர்கள் வரம்பு கட்டியது அதனால்தான். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் இதைத் தொடவே கூடாது. முன்னதாக டாப்ளர் கட்டாயம்.

நுரைக்கென்று வாய்த்த இடங்களும் உண்டு. நெளிந்து வளைந்து லேசர் இழை நுழையாத சிரை, புண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிரை, மயக்க மருந்து தாங்காத முதியவர். புண் வந்த 116 பேருக்கு நுரை செலுத்தி, ஆறு மாதத்தில் 83 சதவீதம் பேருக்கு முழுதாக ஆறியதாக 2004-இல் கப்ரேராவும் சகாக்களும் எழுதினார்கள். அதைவிடப் பலமான சான்று 2018-இல் வந்தது. பிரிட்டனின் 20 மருத்துவமனைகளில் சிரைப்புண் உள்ள 450 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பாதிக்கு இரண்டு வாரத்துக்குள் சிரையையும் அடைத்தார்கள். மறு பாதிக்குப் புண் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற எடுத்த நடுக்கணக்கு 56 நாள், காத்திருந்தவர்களுக்கு 82 நாள்.

நான் உரக்கச் சொல்ல விரும்புவது இந்தக் கணக்கைத்தான். "புண் முதலில் ஆறட்டும், நரம்பை அப்புறம் பார்க்கலாம்" என்பதே நம்மூரில் கேட்கிற பதில். கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறோம். அதற்காகக் கட்டையும் காலுறையையும் விட்டுவிடக் கூடாது. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கும் அந்தக் காலுறை இல்லாமல் எந்தச் சிகிச்சையும் புண்ணில் முழுப் பலன் தராது. ஒரே எச்சரிக்கை: சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ உள்ளவர்கள், காலுக்கு இறங்கும் தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இறுக்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது.

அத்தை 18 வருடமாக ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். கேரளத்தில் கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018-இல் உட்காரும் உரிமை சட்டமானது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும், நாள் முழுக்க நிற்கவைப்பதால் ஊழியர் உடல்நலம் கெடுகிறது என்று சொல்லி, 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. வராந்தா நடையை முடித்துக்கொண்டு அத்தை திரும்பி வந்ததும் டாக்டர் கேட்டார், "கடையில உக்கார நாற்காலி குடுத்திருக்காங்களாம்மா?"

"குடுத்திருக்காங்க டாக்டர், ஸ்டூல். ஆள் வராதப்ப உக்காந்துக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "ஆடித் தள்ளுபடி முடியட்டும்."

அடுத்த ஸ்கேனுக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி எழுதிக் கொடுத்தார் டாக்டர். காலுறையைப் பகல் முழுக்கக் கழற்றக் கூடாது என்றும், மணிக்கு ஒருமுறையாவது பிரிவைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வர வேண்டும் என்றும் அதே சீட்டில், மாத்திரை எழுதும் இடத்தில், தமிழில் எழுதியிருந்தார்.