தூரம் ஒன்று, காலம் இரண்டு

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குள்ள தூரத்தை வேகத்தால் வகுத்தாற் பயண நேரம் கிடைக்கும் என்பது கீழ்வகுப்பிலேயே நாம் கற்ற விதி. அவ்விதி பொய்யன்று. ஆயினும், இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே பறக்கும் விமானங்களின் நேரங்களை ஒப்பிடும் மாணவன் மயக்கமுறுவான். நிலத்தில் ஊர்ந்து செல்லும் நேரமும் அடங்கலாக, மேற்கே செல்ல ஏறக்குறைய 8 மணித்தியாலமும், கிழக்கே மீள ஏறக்குறைய 7 மணித்தியாலமும் செல்கின்றன. தூரம் ஒன்றாயிருக்கக் காலம் இரண்டாவது எங்ஙனம்?

முதலில் தூரத்தை நோக்குவோம். மேர்க்கேற்றர் முறையில் வரைந்த தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைப்பின், அதுவே குறுகிய வழிபோலத் தோன்றும். பூகோளவுருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் உண்மை புலனாகும். அந்நூல் வடக்கே வளைந்து, அயர்லாந்தையும் நியூபவுண்லாந்தையும் தழுவிச் செல்லும். இதுவே பெருவட்டப் பாதை. இதன் நீளம் சுமார் 5,550 கிலோமீற்றர். தேசப்படத்து நேர்கோட்டின்வழி பறப்பின் 200 கிலோமீற்றருக்கு மேல் வீணாகும்.

இனிக் காலத்தை நோக்குவோம். வெப்பவலயத்துக்கும் துருவத்துக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும் புவியின் சுழற்சியாலும், சுமார் 10 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுகின்றது. இதனைத் தாரைக்காற்று என்பர். விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது, நிலத்தைச் சார்ந்ததன்று. ஆற்றுநீரோடு செல்லும் படகுக்கும் அதனை எதிர்த்துச் செல்லும் படகுக்கும் உள்ள வேறுபாடே இங்கும் உளது.

ஓர் உதாரணம் காண்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீற்றர், காற்றின் வேகம் 100 கிலோமீற்றர் எனக் கொள்வோம். காற்றில்லாதபோது ஒருவழிப் பயணம் 6 மணி 10 நிமிடம். எதிர்காற்றில் வேகம் 800 ஆகக் குறைய, நேரம் 6 மணி 56 நிமிடமாகும். பின்காற்றில் வேகம் 1,000 ஆக, 5 மணி 33 நிமிடம் போதும். போகையில் இழந்தது 46 நிமிடம்; வருகையிற் பெற்றதோ 37 நிமிடமே. எதிர்காற்றில் நெடுநேரமும் பின்காற்றிற் குறுகிய நேரமும் பறப்பதால், காற்று தான் பறித்ததை முழுமையாகத் திருப்பித் தருவதில்லை.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1958 ஒற்றோபர் 4ஆந் திகதி கொமற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கும் முதலாவது ஜெற் பயணிகள் சேவையைத் தொடங்கின. அன்று கிழக்கே வந்த விமானம் எங்கும் தரியாது 6 மணி 12 நிமிடத்தில் இலண்டனை அடைந்தது. மேற்கே சென்றதோ, எரிபொருளுக்காக நியூபவுண்லாந்தின் கண்டரில் இறங்கி, 10 மணி 22 நிமிடத்திலேயே நியூயோர்க்கைச் சேர்ந்தது. 2020 பெப்புருவரியிற் பெரும்புயற் காற்றின் துணையால் ஒரு பயணிகள் விமானம் நியூயோர்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் இலண்டனை எட்டியது.

இதனாலேயே அத்திலாந்திக்கின் வான்வழிகள் நாள்தோறும் காற்றை நோக்கிப் புதிதாக வகுக்கப்படுகின்றன. எதிர்காற்றைத் தவிர்க்கப் பெருவட்டத்தை விட்டு விலகுவதும் உண்டு. சில வேளைகளில் நீண்ட வழியே விரைந்த வழியாகும்.

ஆகவே, "எவ்வளவு தூரம்?" என்பதற்கு உருண்டை விடை கூறும், "எவ்வளவு நேரம்?" என்பதற்கு அன்றைய காற்றையும் கேட்டே விடை கூறல் வேண்டும். வகுத்தல் விதி பிழைப்பதில்லை. எதனை எதனால் வகுக்கின்றோம் என்பதை அறிவதே கல்வி.