சொந்தக் காணியைத் துப்புரவாக்கினாலும் வழக்கு வருமா?

பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பும் விவசாயக் குடும்பத்தின் முதல் வேலை, காணியில் மண்டிக் கிடக்கும் பற்றையை வெட்டுவதாகும். அந்த வேலையே சிலரை நீதவான் நீதிமன்றத்தில் எதிரியாக நிறுத்தியிருக்கிறது. களவெடுக்காத, எவரையும் அடிக்காத ஒருவர்மீது குற்ற வழக்கு எவ்வாறு வருகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

குற்றஞ்சாட்டுவது யார்?

எல்லைத் தகராறுக்காக அயலவர் எம்மீது தொடுப்பது குடியியல் வழக்கு. அது இரு பகுதியாருக்கு இடையிலானது. பேசித் தீர்க்கவும் முடியும். குற்றவியல் வழக்கிலோ எம்மைக் குற்றஞ்சாட்டுவது அரசு. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒதுக்கக் காட்டினுள் மரம் தறிப்பது மட்டுமல்ல, பற்றை வெட்டுவது, தீ மூட்டுவது, மாடு மேய்ப்பது என்பனவும் குற்றங்களாகும். "இது எங்கள் பாட்டன் உழுத காணி" என்ற வாய்ச்சொல் மட்டும் அங்கே போதாது.

நாம் இல்லாத காலத்தில்

வயல் காடாகும், காடு ஒருநாள் வர்த்தமானியில் ஏறும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மன்னார் முசலிப் பகுதி முஸ்லிம் மக்களுக்கு நேர்ந்தது இதுவே. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளை ஒதுக்கக் காடாகப் பிரகடனப்படுத்தி 2012 ஒக்டோபர் 10ஆம் திகதி வர்த்தமானி வெளிவந்தது. தமது பழைய காணிகளும் அதற்குள் அகப்பட்டன என்று அம்மக்கள் முறையிட்டனர்.

இரவல் கொடுத்த உழவு இயந்திரம்

மரத்தை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றிச் செல்வதும் குற்றமாகலாம். ஏற்றிய வாகனம் பறிமுதலாகக்கூடும். மைத்துனருக்கு உழவு இயந்திரத்தை இரவல் கொடுத்தவர், குற்றம் நடக்காதிருக்கத் தம்மால் இயன்ற முற்காப்பையெல்லாம் எடுத்ததாக நீதிமன்றத்தில் காட்டவேண்டியிருக்கும். எனவே, என்ன ஏற்றப் போகிறார்கள், பத்திரம் இருக்கிறதா என்று கேட்ட பின்பே சாவியைக் கொடுங்கள்.

கத்தி எடுக்கு முன்

உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பழைய பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்பின் பிரதி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பத்திரங்கள் எரிந்து போனவர்களுக்கு, அவ்வூரில் வாழ்ந்ததைக் காட்டப் பங்கின் திருமுழுக்குப் பதிவேடும் பாடசாலை இடாப்பும் உதவலாம். காணி வன எல்லைக்குள் வருகிறதா என்று பிரதேச செயலகத்திடமும் வனத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழி தருகிறது. கொடுத்த கடிதத்தின் பிரதியைக் கைவசம் வைத்திருங்கள்.

வழக்கு வந்துவிட்டால்

கைதுக்கான காரணத்தை அறியும் உரிமை எவருக்கும் உண்டு. சட்டத்தரணி மூலம் பேசும் உரிமையும், குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதியாகக் கொள்ளப்படும் உரிமையும் உண்டு. இவற்றை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தருகிறது. வாக்குமூலத்தை எமக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்காமல் ஒப்பமிட வேண்டாம்.

நீதிமன்றில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும், "ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டினால் இன்றைக்கே வீடு போகலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒரு நாட்கூலியை இழக்க அஞ்சும் எமக்கு அது நல்ல வழியாகத் தோன்றும். ஆனால் காட்டை வெட்டினேன் என்று ஒப்புக்கொள்வது, அந்த நிலம் எமது காணியல்ல, அரச காடு என்று எமது வாயாலேயே சொல்வதற்குச் சமம். நாளை அதே காணியைக் கோரும்போது அந்தத் தீர்ப்பு எதிரே வந்து நிற்கக்கூடும். ஆகவே, பதில் சொல்லுமுன் சட்டத்தரணியைச் சந்திக்கத் தவணை கேளுங்கள். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இதை வாசித்தவர்கள் வாசிக்க இயலாத அயல் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில், பற்றை வெட்டத் தொடங்குமுன் யார் யாருடைய காணிகளுக்குக் கடிதம் கொடுக்க வேண்டுமென்று ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள்.